கடல்பாசி எடுப்போரும் நெருப்புப் புழுவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார் வளைகுடாவில் பவளக் கற்களின் அடியிலும் இடுக்குகளிலும் வாழும் நெருப்புப் புழுவைப் பற்றி, அங்கு கடல்பாசி எடுக்கும் பெண்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். யூரிதோ காம்பிளனேட்டா என்று உயிரியலாளர்கள் குறிப்பிடும் இப்புழு யாரையும் தேடி வந்து தாக்குவதில்லை. ஆனால் கை பட்டதும், உடலின் இருபுறமும் வரிசையாக உள்ள, கண்ணாடி இழைபோல் எளிதில் ஒடியும் சுண்ணாம்பு முட்களை விரிக்கிறது. அவை தோலில் தைத்து முறிந்து, கடும் எரிச்சலையும் வீக்கத்தையும் மரமரப்பையும் உண்டாக்குகின்றன. இப்புழுவிலிருந்து காம்பிளனைன் என்னும் அழற்சியூட்டும் வேதிப்பொருளை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

வலி தாளாமல் குத்திய இடத்தைத் தேய்ப்பதுதான் பெருங்கேடு. முட்கள் மேலும் ஆழமாக இறங்கிவிடும். ஒட்டும் டேப்பை மெல்ல ஒட்டி உரித்து முட்களை அகற்றிய பின் வினிகரோ ஸ்பிரிட்டோ தடவலாம். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விரல்களில் துணியை மட்டும் சுற்றிக்கொண்டு பாறை இடுக்குகளில் கைவிடும் இப்பெண்களுக்கு, இம்முட்கள் எளிதில் துளைக்க முடியாத தடித்த கையுறைகளை மீன்வளத் துறை வழங்க வேண்டும். கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்முதலுதவி முறையைத் தமிழில் எழுதி வைக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், இராமநாதபுரம்