மலிவு விலை எலெக்ட்ரிக் கிட்டார்: வாங்கலாம், ஆனால் நெக்கைப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கித் தர நினைக்கும் பெற்றோருக்கு இன்று இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கின்றன. பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க்கு விற்பவை எல்லாம் பொம்மைகள், வாங்கினால் ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் வாங்குங்கள் என்பது ஒன்று. இருப்பதிலேயே மலிவானதை வாங்கி, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), டியூனிங் கீ (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு), பிரிட்ஜ் (உடற்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பாகம்) என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் லட்ச ரூபாய் கிட்டாரின் ஒலி வந்துவிடும் என்பது மற்றொன்று. கிட்டார் கற்பிப்பதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இரண்டையும் மறுக்கிறேன். முதல் அறிவுரை, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளை இசையின் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இரண்டாவது, அவர்கள் வீட்டுப் பணத்தைத் தவறான இடத்தில் கொட்ட வைக்கிறது. மலிவு விலைக் கிட்டாரைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதன் நெக்கை, அதாவது விரல்கள் தந்தியை அழுத்தும் நீண்ட கழுத்துப் பகுதியைப் பார்த்து வாங்க வேண்டும், முதல் செலவை உதிரி பாகத்துக்குச் செய்யாமல் செட்டப்புக்கு, அதாவது கருவியை வாசிக்க ஏற்றதாகச் சீராக்கும் வேலைக்குச் செய்ய வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

மலிவான கிட்டார்களைப் பற்றி முன்பு சொல்லப்பட்ட குறைகளில் பெரியது, ஃப்ரெட்டுகள், அதாவது நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகள், இடம் பிசகிப் பதிக்கப்பட்டிருக்கும் என்பது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் நட்டுக்கும் (தலைப்பகுதியை ஒட்டி, தந்திகள் பள்ளங்களில் தங்கும் சிறு பட்டை) பிரிட்ஜுக்கும் இடையே அதிரும் தந்தியின் நீளம் 25.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 648 மி.மீ. இதில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து சுமார் 36.4 மி.மீ. தொலைவிலும், பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியான 324 மி.மீ. தொலைவிலும் அமைய வேண்டும். மேல் ஃப்ரெட்டுகளில் ஓரிரு மில்லிமீட்டர் தவறினாலும் சுருதி விலகுவது காதுக்குத் தெரிந்துவிடும். இன்று இந்தோனேசியாவிலும் சீனாவிலும் உள்ள பெரிய ஆலைகளில் இந்தப் பள்ளங்களைக் கணினி இயக்கும் இயந்திரங்கள் வெட்டுகின்றன. பதினைந்தாயிரம் ரூபாய்க் கிட்டாரிலும் லட்ச ரூபாய்க் கிட்டாரிலும் ஃப்ரெட்டுகளின் இடம் ஒன்றுபோலவே துல்லியமாக இருப்பதற்கு அதுவே காரணம். அப்படியானால் விலை எங்கே குறைகிறது? பெரும்பாலும் மனிதக் கை செலவிடும் நேரத்தில்தான். ஃப்ரெட்டுகளின் முனையை அரத்தால் மழுக்குவது, நட்டின் பள்ளங்களைத் தந்திக்கேற்ற ஆழத்துக்கு அறுப்பது, தந்தியின் உயரத்தைச் சீராக்குவது ஆகிய வேலைகள் குறைக்கப்படுகின்றன அல்லது அவசரமாக முடிக்கப்படுகின்றன. அடுத்ததாக ஸ்விட்ச், ஜாக், வால்யூம் கன்ட்ரோல் போன்றவற்றின் தரத்தில் விலை குறைகிறது. முதல் வகைக் குறையைக் கைத்திறன் உள்ள ஒருவர் அரை நாளில் சரிசெய்ய முடியும். இரண்டாவதற்குச் சில நூறு ரூபாய் போதும்.

நெக் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. 1950-ல் லியோ ஃபெண்டர் அறிமுகப்படுத்திய கிட்டார்களில் நெக் ஒட்டப்படாமல் திருகாணிகளால் உடற்பகுதியோடு பூட்டப்பட்டது. இன்றைய ஸ்குவயர், யமஹா பசிஃபிகா போன்ற மலிவு விலைக் கிட்டார்களும் அந்த வழியைப் பின்பற்றுபவையே என்பதால், நெக்கைக்கூடக் கழற்றி மாற்றலாம் என்பது கோட்பாட்டளவில் உண்மை. ஆனால் நல்ல நெக் ஒன்றின் விலை பல நேரங்களில் மலிவுக் கிட்டாரின் முழு விலையையே எட்டிவிடும். பொருத்தும் கூலி தனி. ஆகவே கடையில் நிற்கும்போது நிறத்தையும் பிராண்டையும் பார்ப்பதற்கு முன் நெக்கைப் பாருங்கள். தலைப்பகுதியிலிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கின் நீளவாக்கில் நோக்கினால் அது முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பது தெரியும். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால், ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி அதிகமாகவோ இல்லாமலோ இருந்தால், நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைச் சீராக்கும் உலோகக் கம்பியான டிரஸ் ராடை ஆலன் கீயால் (அறுகோணத் திருகு சாவி) திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திருப்பியும் அசையாத நெக்கை வாங்காதீர்கள். வளைவைச் சரிசெய்யலாம், முறுக்கைச் சரிசெய்வது மிகக் கடினம். இருபுற ஓரத் தந்திகளும் விரற்பலகையின் விளிம்பிலிருந்து ஒரே தொலைவில் ஓடுகின்றனவா என்பதையும், ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் நாதம் செத்துப்போகாமல் ஒலிக்கிறதா என்பதையும் பொறுமையாகச் சோதியுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போவது நல்லது.

இந்த இடத்தில் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரற்பலகைக்கு உலகம் முழுவதும் விரும்பப்பட்ட மரங்களுள் ஒன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரின மரங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகமும் 2017 ஜனவரியில் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019-ல் முழுமையாகச் செய்யப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டபோதும், அதற்குள் பல நிறுவனங்கள் மலிவு வகைகளில் வேறு மரங்களுக்கு மாறிவிட்டிருந்தன. விவரக் குறிப்பில் ‘இந்தியன் லாரல்’ என்று காணப்படுவது நம் ஊர்க் கருமருதுதான். ஈட்டி இல்லையே என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். கருமருது உறுதியான மரம்; முறையாக உலர்த்தப்பட்டிருந்தால் விரற்பலகைக்கு எந்தக் குறையும் இல்லை. உலராத மரம் ஈட்டியாக இருந்தாலும் குளிர்சாதன அறையில் சுருங்கி, ஃப்ரெட்டின் கூர்முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு பிள்ளைகளின் விரலைக் கீறும். அதனால் நெக்கின் இரு விளிம்புகளிலும் விரலை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

இனி செட்டப். புதிய தஞ்சாவூர் வீணைக்கு மேளம் கட்டாமல், அதாவது மெழுகில் 24 மெட்டுகளையும் சுருதி பார்த்துப் பதிக்காமல், எந்த ஆசிரியரும் மாணவர் கையில் கொடுக்க மாட்டார். கிட்டாருக்கும் அப்படிப்பட்ட ஒரு வேலை உண்டு என்பதை நம் ஊரில் பெரும்பாலோர் அறிவதில்லை; பெட்டியிலிருந்து எடுத்த கருவி அப்படியே வகுப்புக்கு வந்துவிடுகிறது. நட்டின் பள்ளங்கள் ஆழமாக அறுக்கப்படாத கிட்டாரில் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் தந்தி மிக உயரத்தில் நிற்கும். அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபடுவதால் சுருதி ஏறிவிடும். திறந்த தந்திகள் ஆறும் ட்யூனரில் சரியாக நிற்கும். ஆனால் சி கார்டு (பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் பிடி) பிடித்தால் அபசுரமாக ஒலிக்கும். எஃப் கார்டு பிடிக்க முயன்று விரல் வலித்து அழும் குழந்தைக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டுகிறோம். அந்தக் குழந்தையின் கருவியில் அரை மில்லிமீட்டர் பள்ளம் குறைவாக இருந்திருக்கும், அவ்வளவுதான். டிரஸ் ராடைச் சீராக்கி, நட்டின் பள்ளங்களை ஆழமாக்கி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை ஒன்றரை முதல் இரண்டு மி.மீ.க்குள் கொண்டுவந்து, பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடில்களை முன்னும் பின்னும் நகர்த்திச் சுருதியை ஒத்திசைத்து, ஃப்ரெட்டுகளைப் பளபளப்பாக்கினால், மலிவுக் கிட்டார் வேறொரு கருவியாகவே மாறிவிடுகிறது. பிரசன்னா போன்றோர் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பதைக் கேட்டு கமகம் பழக விரும்பும் மாணவர்களுக்கு இந்தப் பளபளப்பு மிக முக்கியம். சொரசொரப்பான ஃப்ரெட்டின் மேல் தந்தியை இழுத்து வாசிக்க இயலாது.

டியூனிங் கீகளை மாற்றச் சொல்லிக் கேட்பவர்கள் அதிகம். தந்தி சுருதியில் நிற்காததற்குப் பெரும்பாலும் கீ காரணமாக இருப்பதில்லை. தந்தியைத் தளர்வாகச் சுற்றியிருப்பதும், நட்டின் பள்ளத்தில் அது சிக்கிக்கொள்வதும்தான் காரணம். பள்ளத்தைச் சரியாக அறுத்து, பென்சில் கரியைச் சிறிது தேய்த்துப் பாருங்கள். அதன் பிறகும் நழுவினால் கீயை மாற்றலாம்.

பிக்கப் மாற்றுவதைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகள் மெல்லிய செம்புக் கம்பி சுற்றப்பட்ட ஒரு சுருள். மலிவானவற்றில் பீங்கான் வகைக் காந்தமும், விலை கூடியவற்றில் பெரும்பாலும் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ காந்தமும் இருக்கும். ஒலியில் வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கையளவு ஸ்பீக்கர் கொண்ட பத்து வாட் ஆம்பில் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வாசிக்கும் மாணவருக்கு அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி காதை வந்தடைவதே இல்லை. நல்ல பிக்கப் செட்டுக்குக் கொடுக்கும் தொகையை ஆம்புக்குக் கொடுத்தால் அதே கிட்டார் முதல் நாளிலேயே நன்றாக ஒலிக்கும்; பின்னாளில் கிட்டாரை விற்றாலும் ஆம்ப் வீட்டில் இருக்கும். பிக்கப்புக்குச் செலவிட்ட பணமோ, கிட்டாரை விற்கும்போது திரும்பி வருவது அரிது. மாற்றியே தீருவேன் என்பவர்கள் பழையதைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருங்கள். விற்கும் காலத்தில் பழையதைப் பொருத்திவிட்டுப் புதியதை அடுத்த கிட்டாருக்குக் கொண்டுபோகலாம்.

உர்ர் என்ற இரைச்சலைக் கேட்டுப் பயந்து பிக்கப்பை மாற்றுபவர்களும் உண்டு. ஒற்றைச் சுருள் பிக்கப் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வை உள்வாங்குவது இயல்பு. அதைத் தவிர்க்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-ல் இரட்டைச் சுருள் ஹம்பக்கரை வடிவமைத்தார். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால், கிட்டாரின் உட்பள்ளத்தில் செம்புத் தகடு நாடாவை ஒட்டிப் பார்ப்பது போதும். தொட்டதும் இரைச்சல் கூடினால் எர்த் இணைப்பில் கோளாறு இருக்கிறது என்று கொண்டு உடனே நிறுத்திவிட வேண்டும். இதைப் பெற்றோர் தயவுசெய்து அலட்சியப்படுத்தக் கூடாது. வீட்டில் மூன்று துளை பிளக் பாயின்ட் இல்லை என்பதற்காக ஆம்பின் எர்த் பின்னை வெட்டிவிடுவதும், இரண்டு பின் அடாப்டரில் செருகுவதும் நம் ஊரில் சாதாரணமாக நடக்கின்றன. கிட்டாரின் உலோகத் தந்திகள் கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருப்பவை. வாசிப்பவரின் கை அவற்றின் மேல்தான் இருக்கிறது. 1972-ல் வேல்ஸ் நாட்டின் சுவான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். கிட்டாரின் எந்த உதிரி பாகத்துக்கும் முன்பாக, வீட்டில் சரியான எர்த் உள்ள மூன்று துளை பாயின்ட் ஒன்றுக்குச் செலவிடுங்கள்.

மலிவுக் கருவியால் பெரிய இசை பிறக்காது என்பவர்களுக்கு ஓரிரு செய்திகளை நினைவூட்டலாம். அமெரிக்காவில் 1950-களில் நேதன் டேனியல் தயாரித்த டேனலெக்ட்ரோ கிட்டார்களின் மேல்பலகை, அழுத்திச் செய்யப்பட்ட மரநார் அட்டைதான். பிக்கப்புக்கு உதட்டுச்சாயக் குழல்களே உறையாயின. ராக் இசைக் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் அவற்றில் ஒன்றைப் பெரிய மேடைகளில் வாசித்தார். 1982-ல் ஜப்பானில் ஸ்குவயர் பெயரில் குறைந்த விலைக்குச் செய்யப்பட்டவற்றை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவர்கள் தம் பக்கத்துக்குச் சாட்சியாக ராக் இசைக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனைக் காட்டுவார்கள். தள்ளுபடிக்குக் கிடைத்த உடற்பகுதியில் கிப்சன் பிக்கப்பைப் பொருத்தி அவர் உருவாக்கிய கிட்டார் உலகப் புகழ் பெற்றது உண்மை. ஆனால் அவர் அதைச் செய்தபோது, தமக்கு என்ன வேண்டும் என்பதைப் பல ஆண்டுகள் மேடையில் வாசித்து அறிந்திருந்தார். நெக்கையும் தாமே தேர்ந்து வாங்கிப் பொருத்தினார். ஆறு மாதம் வாசித்த மாணவருக்கு எதை மாற்ற வேண்டும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. குறைந்தது ஓராண்டு அதே கருவியில் வாசிக்கட்டும். அப்போது அவருடைய காதே குறையைச் சொல்லும்.

இசைக்கருவி விற்பனையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிட்டாரைப் பெட்டியோடு தூக்கிக் கொடுக்காமல், செட்டப் செய்து, அதற்கான கூலியை விலையில் சேர்த்தோ தனியாகவோ பெற்றுக்கொள்ளுங்கள். என்ன அளவுத் தந்தி பூட்டியிருக்கிறது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் உயரம் எவ்வளவு என்பதை ஒரு சீட்டில் எழுதி, டிரஸ் ராடுக்கு உரிய ஆலன் கீயோடு சேர்த்துக் கொடுங்கள். இணையத்தில் வாங்குவோரும் வந்து காட்டிச் சரிசெய்துகொள்ள வழி இருந்தால், அவர்களும் நாளை உங்கள் வாடிக்கையாளர்களாவார்கள். மாவட்டத் தலைநகரங்களில்கூட நட் அறுக்கத் தெரிந்தவர்கள் அரிதாக இருக்கும் நிலையில், தொழிற்பயிற்சி நிலையங்களில் இசைக்கருவி பழுதுபார்ப்பு ஒரு குறுகியகாலப் பயிற்சியாகச் சேர்க்கப்பட வேண்டும் என்று அரசையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.