வலப்பக்கத்து ஜன்னல்

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டம் வந்தது. பிரிண்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன், அம்மா போகும்போதும் வரும்போதும் குனிந்து பார்த்துக்கொள்கிறாள். மூன்று நாள், இரண்டு ராத்திரி, சூரிச்சிலிருந்து லூசெர்ன், அங்கிருந்து பிரீன்ஸ், இன்டர்லாக்கன், துன் வழியாகத் திரும்புவது. நல்ல திட்டம், அலைச்சல் இல்லை. ஆள் கணக்கு மட்டும்தான் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பெரியவர் மூன்று, பிள்ளை ஒன்று என்று போட்டிருக்கிறாய். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது. சரி, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

டிக்கெட் விஷயம். எனக்கும் அம்மாவுக்கும் 3 நாள் ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்துவிடுகிறேன். ரயில், பஸ், ஏரியில் ஓடும் கப்பல் எல்லாம் அதிலேயே அடக்கம். அது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும்தான், அங்கேயே குடியிருக்கும் உனக்குக் கிடைக்காது, உன்னிடம் இருக்கும் அரைக்கட்டண அட்டையே போதும். சின்னவனுக்கு ஜூனியர் கார்டு இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பார். அது இருந்தால் அவனுக்குத் தனி டிக்கெட் வேண்டாம். அப்பா அம்மா இரண்டு பேரும் கூட இருக்க வேண்டியதில்லை, ஒருத்தர் இருந்தாலே போதும் என்றுதான் போட்டிருக்கிறது. நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

லூசெர்னில் ஏறினதும் வலப்பக்கம் உட்கார வேண்டும், மறந்துவிடாதே. முதலில் லூசெர்ன் ஏரியின் ஒரு கை இடப்பக்கம் தெரியும், அது போகட்டும், அப்புறம் சார்னன் ஏரி, அப்புறம் மேலே ஏற ஏற லுங்கர்ன் ஏரி, இரண்டும் வலப்பக்கம்தான். கிஸ்வில் தாண்டினதும் வண்டி வேகம் குறையும், தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம், அதாவது இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறுகிற பல் வைத்த இரும்புச் சட்டம், வந்துவிட்டது என்று அர்த்தம். நம் மேட்டுப்பாளையம்–ஊட்டி மலைப் பாதையில் ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1, அதாவது 12 அடி போனால் 1 அடி உயரும், அங்கே 8-க்கு 1 வரை போகிறது, இரண்டுமே மீட்டர் கேஜ். சின்னவனை ஜன்னலில் உட்கார வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல். 1002 மீட்டரில் ப்ரூனிக் கணவாய் ஸ்டேஷன், பிறகு இறக்கம். மைரிங்கனில் வண்டி வந்த வழியே திரும்பிப் புறப்படும். எல்லாரும் எழுந்து இடம் மாறப் பார்ப்பார்கள், நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம், பிரீன்ஸ் ஏரி தானாக நம் ஜன்னல் பக்கம் வந்துவிடும். பனிப்பாறை அரைத்துக் கொண்டுவருகிற மாவு மாதிரித் தூள் கலந்து அந்த ஏரி பச்சையும் நீலமுமாக இருக்கும்.

வண்டியைப் பிடிக்க ஓடாதே. பையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடாதே. அந்த நாட்டில் 1982-லிருந்து மணிக்கு மணி அதே நிமிஷத்தில் வண்டி வருகிற மாதிரி அட்டவணை போட்டிருக்கிறார்கள், இணைப்பு வண்டியும் அதை ஒட்டியே நிற்கும். ஒன்றை விட்டால் ஒரு மணி நேரத்தில் அடுத்தது.

பிரீன்ஸில் இறங்கி ரோட்ஹார்ன் மலைக்குப் போகிற நீராவி வண்டி. அதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட முடியாது. 1892-ல் திறந்த பாதை, ஒரு மணி நேர ஏற்றம். அதில் இருப்பது ஆப்ட் பல்சட்டம், நம்முடையதும் அதேதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சட்டம், பற்கள் நேருக்கு நேர் இல்லாமல் தள்ளித் தள்ளி இருக்கும், ஒரு பல் விடும்போது இன்னொரு பல் பிடித்திருக்கும். அந்த இன்ஜின்களைச் செய்ததும் வின்டர்தூர் தொழிற்சாலைதான், நான் முப்பத்தொரு வருஷம் குன்னூர் ஷெட்டில் குனிந்து நிமிர்ந்த எக்ஸ் கிளாஸ் இன்ஜின்களும் அங்கே பிறந்தவைதான். ஒன்றில் பித்தளைத் தகடு இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ எட்டு வயதில் உன் விரலால் அந்த எழுத்துகளைத் தடவித் தடவி என்ன பாஷை என்று கேட்டாய், விரல் நுனியெல்லாம் கரி. உனக்கு சூரிச்சில் வேலை கிடைத்த அன்று ஷெட்டில் ஒருத்தர் விடாமல் சொன்னேன், எங்கள் இன்ஜின் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் என் பெண் உட்காரப் போகிறாள் என்று. இன்றைக்கும் யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதை நிறுத்தி நாலு மாசம் ஆகிறது. மெசேஜில் "நல்லா இருக்கோம்" என்று வருகிறது, வீடியோ போட்டால் சின்னவன் முகம் மட்டும் தெரிகிறது, பின்னால் இருக்கிற சுவர் வேறு சுவராக இருக்கிறது. வீடு மாறினால் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா? அம்மா என்னைக் கேட்கச் சொல்கிறாள், நான் அவளைக் கேட்கச் சொல்கிறேன், இப்படியே வாரம் போகிறது. இன்டர்லாக்கனில் இரண்டு ரூம் போட்டிருக்கிறாய், அதில் ஒன்று உனக்கும் பிள்ளைக்கும். நான் கணக்குப் பார்க்கத் தெரிந்தவன், கண்ணு.

போன முறை நீ வந்து திரும்பிய ராத்திரி, மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தில், நீலகிரி எக்ஸ்பிரஸ் புறப்பட இருபது நிமிஷம் இருந்தது. அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். நீ பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் கொஞ்ச நாள் இங்கேயே இருந்துட்டுப் போகட்டுமா" என்று கேட்டாய். எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. உன் முகத்தைப் பார்த்தால் மேலே என்ன சொல்வாயோ என்று பயமாக இருந்தது, அதனால் சென்னையில் வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், ஏர்போர்ட்டுக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று அதையே பேசினேன், மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்றும் சொன்னேன். நீ சரிப்பா என்று ஏறிவிட்டாய். அப்புறம் நீ எதையும் கேட்கவில்லை. அந்தச் சம்பந்தத்தை இதுதான் நல்ல இடம் என்று உன்னை ஒத்துக்கொள்ள வைத்ததும் நான்தான், உன் அம்மாவுக்கு அப்போதே மனசில்லை. இப்போதும் பார், மூன்று பக்கம் ரயிலைப் பற்றியே எழுதியிருக்கிறேன்.

விமான டிக்கெட் போட்டாயிற்று. திரும்பும் தேதியை மாற்றிக்கொள்கிற மாதிரி டிக்கெட்டாகத்தான் வாங்கினேன், கொஞ்சம் கூடுதல் ஆயிற்று, பரவாயில்லை. விசா 30 நாளுக்கு இருக்கிறது, நாங்கள் இருக்க வேண்டும் என்றால் அதுவரை இருக்கிறோம். நீயும் சின்னவனும் எங்களோடு கிளம்பி வருவதானாலும் வாருங்கள், மாடி அறையைக் காலி செய்து வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். யாருக்கு என்ன பதில் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாஸ் எத்தனை, ரூம் எத்தனை என்று இனி கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாக வேண்டும் என்றால் காலையில் கோயிலுக்குப் போயிருப்பாள், அப்போது கூப்பிடு. நான் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா