எந்தப் பாட்டு, எந்த வரி என்று சொல்லுங்கள்: கோடை விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். சனிக்கிழமை இரவு பெரிய கூடாரத்தில் நடந்தது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்: வட அயர்லாந்தின் இந்த ஊரில் நாங்கள் ஒரு ஐரிஷ் பாட்டைப் பாட, அதன் இடைவெளிகளில் கூட்டத்தில் சிலர் அரசியல் கோஷம் போட்டார்கள். அதன் பிறகு நீங்கள் அனுப்பிய கடிதமும், அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்த்திருக்கும் பிரிவும் வந்து சேர்ந்தன. கலகப் பாடல்கள், கட்சிப் பாடல்கள், மதக்காழ்ப்பைத் தூண்டும் பாடல்கள் எதுவும் மேடையில் கூடாது, மீறினால் சன்மானத்தில் பாதி பிடிக்கப்படும் என்கிறது அந்தப் பிரிவு. பிரிவு அடுத்த ஆண்டுக்கு. பிடித்தம் மட்டும் இந்த ஆண்டே நடந்துவிட்டது.

வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறோம். அந்தப் பிரிவை எடுத்துவிடுங்கள். எந்தப் பாட்டு, அதில் எந்த வரி, எந்த மேடையில் வேண்டாம் என்று பெயர் சொல்லி எழுதித் தாருங்கள். அப்படித் தந்தால் கையெழுத்துப் போட எங்களில் ஒருவருக்கும் தயக்கம் இல்லை.

நீங்கள் ஆதாரமாகக் காட்டுவது ஒரு கைப்பேசிக் காணொளித் துண்டு. இருபது நொடிகூட ஓடாது. பாட்டு 'த ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆதன்ரை'. 1970களில் பீட் செயின்ட் ஜான் எழுதியது. 1840களின் அயர்லாந்துப் பெரும்பஞ்சக் காலத்தில் பிள்ளைகளின் பசிக்காகத் தானியம் திருடி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்படுகிறவனைப் பற்றியது. துப்பாக்கி இல்லை, இயக்கம் இல்லை, மதம் இல்லை. அயர்லாந்து ரக்பி அணி ஆடும்போது அரங்கமே பாடும் பாட்டு இது. ஆனால் பல்லவியில் சில வரிகளின் முடிவில் ஸ்வரம் நீண்டு, பிறகு இரண்டு தட்டு அளவுக்கு வெற்றிடம் வரும். அந்த வெற்றிடத்துக்குள் 'ஷின் ஃபெய்ன்' (ஐரிஷ் தேசியவாதக் கட்சி) என்றும் 'ஐ.ஆர்.ஏ' (பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுத இயக்கம்) என்றும் கத்துவதைக் கால்பந்து ரசிகர்கள் சிலர் வெகு காலமாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள். பாட்டின் எந்த அச்சிலும் அந்தச் சொற்கள் கிடையாது.

கைப்பேசியின் மைக் அருகிலிருக்கும் தொண்டையைத்தான் முதலில் பிடிக்கும். பக்கத்தில் ஒருவர் கத்தினால் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் அதன் ஏற்பாடு மற்ற எல்லா ஒலியையும் கீழே தள்ளிவிடும். ஆகவே கூட்டத்தின் நடுவே நின்று எடுத்த காணொளியில் மேடை மெலிந்தும் கோஷம் தடித்தும் கேட்பது இயல்பு. மிக்ஸரில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தடமாகப் பதிவாகிறது. பாடகர்களின் மூன்று தடங்களையும் தனியே போட்டுக் கேட்டால் அந்த வெற்றிடத்தில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் இருக்கும். அந்தப் பதிவு உங்கள் ஒலி ஒப்பந்ததாரரிடமே இருக்கிறது. கேட்டு வாங்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நீங்கள் கேட்கவில்லை. இருபது நொடித் துண்டைப் பார்த்து, ஐந்து பேரின் ஒரு இரவு உழைப்பில் பாதியை வெட்டினீர்கள்.

இந்தக் கூச்சலை மேடையிலிருந்து முழுதாக நிறுத்த முடியாது, குறைக்கலாம். வரியின் கடைசிச் சொல்லை இழுக்காமல் வெட்டிப் பாடி, இடைவெளியில் பான்ஜோவோ விசிலோ ஒரு சிறு துணுக்கை வாசித்து அடைக்க வேண்டும். இடம் இருந்தால்தான் கூட்டம் நுழையும். வேகத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். பாடகர் உருகி உருகி இழுக்க இழுக்க வெற்றிடமும் பெரிதாகும். வாத்தியங்களை நிறுத்திவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டும் வித்தையை இந்தப் பாட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது. நேரலை போகிறது என்றால் கூட்டத்தை நோக்கி வைத்த மைக்குகளைப் பல்லவியின்போது மூடிவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இதைக் கடைசிப் பாட்டாக வைக்கக் கூடாது. பட்டியலின் நடுவில் வைத்து, முடிந்த நொடியே ஒரு ரீல் நடனத்துக்குள் தாவிவிட்டால் கோஷம் போட ஆரம்பித்தவர்களின் கால் ஆட ஆரம்பித்துவிடும்.

எங்கள் பட்டியலில் அது ஆறாவது பாட்டு. முந்தைய குழு நேரம் தாண்டியதால் எங்கள் நேரம் சுருங்கியது. ரீல்களை விட்டுவிட்டு "எல்லாருக்கும் தெரிந்த பாட்டாக ஒன்றைப் போட்டு முடியுங்கள்" என்று மேடையோரம் வந்து சொன்னவர் உங்கள் மேடைப் பொறுப்பாளர். மதுக்கடை மூடும் நேரம், கடைசிப் பாட்டு, ஆதன்ரை. இதற்குமேல் என்ன வேண்டும்? பிடித்தம் யார் கணக்கில் விழ வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்கிறோம், அவ்வளவுதான்.

இனி உங்கள் பிரிவையே பாட்டுகளின்மேல் வைத்துப் பார்ப்போம். 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்' கலகப் பாட்டா? ஐயமே இல்லை. 1840களில் அதை எழுதிய தாமஸ் டேவிஸ் ஒரு புராட்டஸ்டன்ட். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஒருவரின் மகன். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டும் ஒரே தேசமாக நிற்க வேண்டும் என்றே தன் குறுகிய வாழ்நாள் முழுவதும் எழுதியவர். அவர் பாட்டை மதக்காழ்ப்பு என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். உலகின் தலைசிறந்த பாட்டு எது என்று 2002இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உல்ஃப் டோன்ஸ் குழு பாடிய இந்தப் பாட்டுத்தான் முதலிடம். அதே பட்டியலின் முதல் பத்தில் இளையராஜாவின் 'ராக்கம்மா கையத் தட்டு' பாட்டும், திருமலை சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' பாட்டும் இருந்தன என்பதைத் தமிழர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான ஹென்றி ஜாய் மெக்ராக்கனைப் பற்றிய பாட்டு? அவர் பெல்ஃபாஸ்ட்டின் பிரெஸ்பிட்டேரியன், அதாவது புராட்டஸ்டன்ட், வணிகக் குடும்பத்துப் பிள்ளை. அந்த ஆண்டு ஜூலை 17 அன்று சொந்த ஊரிலேயே தூக்கிலிடப்பட்டவர். 1957 புத்தாண்டு நாளில் ஃபெர்மானா மாவட்டத்தின் புரூக்பரோ காவல் நிலையத்தின்மேல் ஐ.ஆர்.ஏ நடத்திய தாக்குதலிலிருந்து புகழ்பெற்ற இரண்டு பாட்டுகள் பிறந்தன. ஒன்று தாக்கப் போய் இறந்தவர்களில் ஒருவரான ஷான் சௌத்தை வீரனாக்கிக் கொண்டாடுகிறது. மற்றொன்று, டொமினிக் பீஹன் எழுதிய 'த பேட்ரியட் கேம்', கசப்பில் தோய்ந்தது. அதைக் கேட்டு யாரும் முஷ்டியை உயர்த்துவதில்லை. உங்கள் பிரிவில் இரண்டும் ஒரே குப்பைக் கூடைக்குள்தான்.

ஞாயிறு மதியம் விழா மைதானத்தில் ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் எழுந்து நின்றோமே, நினைவிருக்கிறதா? ஒலிபெருக்கியில் போட்டது அயர்லாந்துக் குடியரசின் தேசிய கீதம். 'போர்வீரனின் பாட்டு' என்று அதை ஆங்கிலத்தில் எழுதிய பீடர் கேர்னி பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் பங்கெடுத்தவர். மேலே சொன்ன டொமினிக் பீஹனுக்குத் தாய்மாமன். துப்பாக்கி முழங்கும் அந்தப் பாட்டு 1926இல் தேசிய கீதமானது. சனிக்கிழமை மருமகன் பாட்டைப் பாடினால் அபராதம், ஞாயிற்றுக்கிழமை மாமன் பாட்டுக்கு எழுந்து நின்று மரியாதை. ரக்பிக்காரர்கள் இந்தச் சங்கடத்தை உணர்ந்துதான், வடக்கு, தெற்கு என இரு பகுதி ஆட்டக்காரர்களும் சேர்ந்து பாட 1995இல் டெரி நகரத்து ஃபில் கோல்டரிடம் 'அயர்லாண்ட்ஸ் கால்' என்ற தனிப் பாட்டையே எழுதி வாங்கினார்கள். உங்கள் ஒப்பந்தத்தை நீங்களே கடைப்பிடிப்பதாக இருந்தால் அடுத்த ஆண்டு ஞாயிறு தேசிய கீதத்துக்குப் பதில் அதைப் போட வேண்டியிருக்கும். விழாவின் சன்மானத்தில் பாதியை யார் பிடிப்பது?

கோபத்தில் சற்று விலகிவிட்டோம், மன்னிக்கவும். புண்படுத்தும் பாட்டே கிடையாது என்று நாங்கள் வாதாடவில்லை. 'செல்டிக் சிம்ஃபனி' 1987இல் பிரையன் வார்ஃபீல்ட் எழுதியது. கிளாஸ்கோவின் செல்டிக் கால்பந்துக் கழகத்தின் நூற்றாண்டுக்கானது. ஐ.ஆர்.ஏ வாழ்க என்ற அதன் கோஷம் சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பதாகத்தான் பாட்டில் வருகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு கூடாரம் நிறைய ஆட்கள் பத்துமுறை அதையே கத்தும்போது யாரும் சுவரைப் படிப்பதில்லை. 3,500க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட முப்பது ஆண்டு மோதலைக் கடந்த மண் இது. காவல்துறையில் இருந்த தகப்பனை அந்த இயக்கத்தின் குண்டுக்குப் பறிகொடுத்த வீடு கூடாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்தப் பாட்டை இந்த ஊரில் நாங்கள் பாடியதே இல்லை, பாடவும் மாட்டோம். அதை எழுத்தில் தடை செய்யுங்கள், வரவேற்போம்.

'கம் அவுட் யி பிளாக் அண்ட் டான்ஸ்' இன்னும் சிக்கலானது. அது ஏசுவது அயர்லாந்துக் காவல்துறைக்கு வலுச்சேர்க்க 1920இல் வந்திறங்கிய பிரிட்டிஷ் ஆட்களை. எந்த மதத்தாரையும் அல்ல. டப்ளினில் அது பகடிப் பாட்டு. இங்கே, சீருடைக் குடும்பங்கள் வாழும் தெருவில், அதே பாட்டு இன்னாருடைய வாசலைப் பார்த்துப் பாடியதாகிவிடும். 1798 கிளர்ச்சியில் வெக்ஸ்ஃபர்ட் மாவட்டத்தைக் கொண்டாடும் 'பூலவோக்' பாட்டில், அதே கிளர்ச்சியின்போது ஸ்கல்லபோக் களஞ்சியத்தில் நூறு பேருக்கு மேல், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் மக்கள், எரித்துக் கொல்லப்பட்டது பற்றி ஒரு சொல் இல்லை. பாட்டு எழுதப்பட்டது நூறு ஆண்டு கழித்து. மறக்க வசதியான இடைவெளி. அதனால் அதைத் தடை செய்ய வேண்டுமா? வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அறிமுகத்தில் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லலாம்.

சொல்லே இல்லாமலும் அவமதிக்க முடியும். 2012 ஜூலை 12 அன்று பெல்ஃபாஸ்ட் டோனிகால் தெருவில், புனித பேட்ரிக் கத்தோலிக்கத் தேவாலய வாசலில் ஒரு புராட்டஸ்டன்ட் அணிவகுப்பு இசைக்குழு வட்டமிட்டு வட்டமிட்டு வாசித்தது. பீச் பாய்ஸின் பழைய பாட்டு என்றார்கள் அவர்கள். ஐரிஷ்காரர்களை ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லும் வசைப் பாட்டும் அதே மெட்டுத்தான் என்பது தெருவில் நின்ற எல்லாருக்கும் தெரியும். அதன் பிறகு, ஊர்வலங்களுக்கு நிபந்தனை விதிக்கும் வட அயர்லாந்து அணிவகுப்பு ஆணையம் அந்த வழிக்கு விதித்த நிபந்தனைகளைப் பாருங்கள்: இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை பக்திப் பாடல் மட்டும், அல்லது ஒற்றை முரசுத் தட்டு மட்டும். பிடிக்கிறதோ இல்லையோ, யாருக்கும் புரிகிற உத்தரவு அது. நாங்கள் கேட்பதும் அதுதான்: பாட்டு, வரி, இடம். எதிர்த்தரப்பின் ஆரஞ்சு அமைப்புப் பாட்டான 'த சாஷ்' வாசிக்கிறவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே அளவுகோல்.

மொத்தமாகத் தடுத்தவர்கள் என்ன கண்டார்கள்? 1850இல் கட்சி ஊர்வலங்களுக்கும் 1860இல் கட்சிச் சின்னங்களுக்கும் இசைக்கும் தடைச் சட்டம் போட்டார்கள். மீறி ஊர்வலம் நடத்திய ஆரஞ்சுக்காரர் (ஆரஞ்சு என்னும் புராட்டஸ்டன்ட் அமைப்பைச் சேர்ந்தவர்) வில்லியம் ஜான்ஸ்டன் 1868இல் சிறைக்குப் போனார். அதே ஆண்டு பெல்ஃபாஸ்ட்டின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1872இல் சட்டங்கள் போயின. ஸ்காட்லாந்தில் கால்பந்தரங்கப் பாட்டுகளுக்காக 2012இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 2018இல் நீக்கப்பட்டது. 2022 அக்டோபரில் அயர்லாந்து மகளிர் அணி உடைமாற்றும் அறையில் 'செல்டிக் சிம்ஃபனி' பாடியதற்கு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 20,000 யூரோ அபராதம் விதித்தது. அந்தச் சர்ச்சையே பாட்டை அயர்லாந்தின் ஐடியூன்ஸ் பட்டியலில் உச்சிக்குக் கொண்டுபோயிருந்தது.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறோம். விழாவுக்கு 28 நாள் முன்பு எங்கள் முழுப் பாட்டுப் பட்டியலை, மாற்றுப் பாட்டு இரண்டோடு, தருகிறோம். ஊர்வலம் நடத்துகிறவர்கள் காவல்துறைக்குத் தரும் அவகாசமே அது. ஏழு நாளுக்குள் வேண்டாத பாட்டையும் வரியையும் குறித்து எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வராவிட்டால் பட்டியல் ஏற்கப்பட்டதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். மேடையில் பாடியதற்கு நாங்கள் பொறுப்பு. கூட்டம் கத்தியதற்கு எங்களிடம் பணம் பிடிக்காதீர்கள். புகார் வந்தால் மிக்ஸர் பதிவைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள். பாட்டு வரிசையை அன்றிரவு மேடைப் பொறுப்பாளர் மாற்றினால் அவர் அதில் கையெழுத்திட வேண்டும்.

சனிக்கிழமை இரவின் தடங்களை அழித்துவிட வேண்டாம் என்று ஒலி ஒப்பந்ததாரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். உங்கள் அடுத்த கூட்டத்தில் அவற்றைப் போட்டுக் கேளுங்கள். கேட்ட பிறகு, பிடித்துவைத்திருக்கும் பாதிச் சன்மானத்தை ஐந்து பேருக்கும் தனித்தனியாக அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஓட்டுநரின் கூலியை ஏற்கெனவே நாங்களே கொடுத்துவிட்டோம்.

இப்படிக்கு,
சனிக்கிழமை இரவு உங்கள் மேடையில் பாடியவர்களும் வாசித்தவர்களும்