முறிந்த காலும் ஸ்கேன் எடுத்த தலையும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் சண்முகம்,

உமது கடிதம் கிடைத்தது. தம்பி காலி வீதியின் மஞ்சள் கோட்டுக் கடவையில் காரில் அடிபட்டது வருத்தமான செய்தி. ஆபத்துக் கட்டம் கடந்துவிட்டதில் ஆறுதல். முறிந்தது கால் மட்டும்தானே, பின் எதற்காகத் தலையையும் வயிற்றையும் ஸ்கேன் எடுத்து இரவெல்லாம் எழுப்பி எழுப்பிப் பெயர் கேட்டார்கள் என்று கோபப்பட்டிருந்தீர். சத்திரசிகிச்சை விடுதிகளில் காலம் கழித்தவன் என்ற முறையில் நான் அவர்கள் பக்கமே பேசவேண்டியிருக்கிறது.

நடந்து செல்பவரைக் கார் மோதும்போது முதலில் பம்பர் முழங்காலை ஒட்டி அடிக்கிறது. அடுத்த கணமே இடுப்பு பொனட்டின் விளிம்பிலும் தலை முன்கண்ணாடியிலும் மோத, கடைசியில் ஆள் எறியப்பட்டு வீதியில் விழுகிறார். ஆகவே முறிந்த கால் முதல் அடிக்கு மட்டுமே சாட்சி; மற்ற அடிகள் எங்கே விழுந்தன என்பதை வைத்தியர்கள் தேடித்தான் ஆகவேண்டும். மண்டையோட்டின் உட்புறம் இரத்தம் கசியத் தொடங்கியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சில மணித்தியாலங்களின் பின் தூங்குவதுபோல மயங்கிவிடுவதுண்டு. பெயர் கேட்டது அதற்காகத்தான். மண்ணீரல் கிழிந்தவருக்கும் ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாமலிருக்கலாம்.

வாகனத்துக்கு வாகனம் காயம் மாறும். காரின் முன் ஆசனத்தில் இருப்பவரின் முழங்கால் டாஷ்போர்டில் இடிபட, இடுப்பு மூட்டு பின்புறமாக விலகிவிடும்; முழங்காலுக்குத் தையல் போட்டு, இடுப்பைப் பார்க்காமல் விட்டுவிடுகிற ஆபத்து அங்கே உண்டு. முச்சக்கர வண்டியில் கதவும் இல்லை, ஆசனப்பட்டியும் இல்லை. பயணி வெளியே எறியப்படுகிறார். மோட்டார் சைக்கிள்காரருக்குக் கால் எலும்பு தோலைக் கிழித்து வெளிவரும் முறிவுகள் அதிகம், ஆனால் உயிரை எடுப்பது பெரும்பாலும் தலைக் காயமே. தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறக்குறைய 40 சதவீதம் குறைக்கிறது. நம்மவர்களில் சிலர் பொலிசாருக்காக அதை அணிந்து, நாடாவைப் பூட்டாமல் ஓடுகிறார்களே, அவர்களை என்னவென்று சொல்வது!

தம்பியைப் பற்றி ஒன்று. பிளாஸ்டர் போட்ட காலில் மருந்துக்கு அடங்காமல் வலி கூடினாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லும். கிளினிக் நாள்களில் அவர் எங்கள் வீட்டிலேயே தங்கலாம். கீழ்த்தளம்தான், படியேறத் தேவையில்லை.

அன்புடன்,
நடராசா