ஆட்டோ லாக் மாட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும் அக்கம்பக்கத்திலும் கார் அக்சசரீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஃபிட்டர் தம்பிகளுக்கும் வணக்கம்.

வண்டி நகர்ந்ததும் கதவு தானாகப் பூட்ட வேண்டும் என்று யாராவது வந்தால், டோர் பேடைக் கழற்றுவதற்கு முன் மேனுவலைப் புரட்டுங்கள். பல கார்களில் அந்த வசதி ஏற்கெனவே இருக்கும். ஸ்கிரீன் செட்டிங்கிலோ ஸ்கேனரிலோ ஆன் செய்தால் வேலை முடிந்தது. வீணாகக் கழற்றி கிளிப்பை உடைத்தால் பேட் ஆயுசுக்கும் கடகடக்கும்.

வசதி இல்லை, ஆனால் கம்பெனி சென்ட்ரல் லாக் இருக்கிறது என்றால் லாக் மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரில் கை வைக்காதீர்கள். சும்மா இருக்கும்போது அவை இரண்டும் எர்த்தில் இருக்கும். நீங்கள் மாட்டும் ஆட்டோ லாக் பெட்டி அதில் ஒன்றில் 12 வோல்ட் ஏற்றினால் நேரே ஷார்ட். ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம், பூட்டு, விளக்கு எல்லாவற்றையும் இயக்கும் கம்ப்யூட்டரான பி.சி.எம். போனால் யார் காசு கொடுப்பது? டிரைவர் பக்க லாக் சுவிட்சின் சிக்னல் வயரை மல்டிமீட்டரில் கண்டுபிடித்து, அரை விநாடி நெகட்டிவ் பல்ஸ் (எர்த் தொடுப்பு) கொடுங்கள். பூட்டுவது பி.சி.எம்.மாகவே இருக்கும், மோதலில் ஏர்பேக் வெடித்தால் கதவைத் திறந்துவிடும் வசதி உள்ள வண்டியில் அதுவும் கெடாது. சில வண்டிகளில் அந்த சுவிட்ச் டேட்டா வயரில் பேசும். அங்கே இந்த வித்தை பலிக்காது, விட்டுவிடுங்கள்.

பழைய வண்டிக்கு முழு கிட் போட்டால், டிரைவர் கதவுக்கு ஐந்து வயர் மோட்டார், மற்றவற்றுக்கு இரண்டு வயர். மோட்டாரின் இழுப்பு லாக் ராடுக்கு நேர்கோட்டில் இருக்கட்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ராட் இறுகி, கையால் நாப் இழுக்கவே வராது. வயரைக் கதவிடுக்கில் விடாமல் கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் (பூட்) வழியாகவே நுழையுங்கள். உள்ளே இருக்கும் பாலித்தீன் ஷீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். அது சரியாக ஒட்டாவிட்டால் அடுத்த மழையில் கார்ப்பெட் நனையும், பழி கண்ணாடி ரப்பர் மேல் விழும்.

சில்க் போர்டு நெரிசலில் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தைத் தொடவே நேரமாகும்தான். அதற்காக இக்னிஷன் போட்டதும் பூட்டும்படி வைக்க வேண்டாம். கேட் திறக்க இறங்கியவர் வெளியே, சாவி உள்ளே என்றாகும். வேக சிக்னலை எடுத்து 15 முதல் 20-க்குள் வையுங்கள். சாவியை அணைத்ததும் திறக்கும் வயரையும் மறக்காமல் இணையுங்கள். பாதிப் பேர் அதை டேப் சுற்றி விட்டுவிடுகிறீர்கள்.

கடைசிச் சோதனை பேட்டரி இல்லாமல். எல்லாக் கதவையும் பூட்டி, உள்ளே ஒருவரை உட்காரவைத்து, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். சைல்ட் லாக் ஆஃபில் இருக்கும்போது ஒவ்வொரு கதவும் உள்ளிருந்து கையால் திறந்தாக வேண்டும். 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்கு இது கட்டாய விதி. கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸில் 2023 மே மாதம் கார் மூழ்கி ஒரு பெண் இறந்தது நினைவிருக்கும். அதற்குப் பூட்டுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் ஏறிய வண்டியில் கரண்டை நம்ப முடியாது, அவ்வளவுதான்.

பில்லில் எந்த வயரைத் தொட்டீர்கள், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், எங்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பெங்களூரில் கார் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் தமிழர்கள்