பெட்டிசம் அன்ரிக்காக ஓடித்திரிஞ்ச எல்லாருக்கும்

இத எழுதச் சொன்னதே அன்ரிதான். ஆஸ்பத்திரியால வந்து மூணாம் நாள், கால அசைக்க ஏலாம படுத்துக்கிட்டே, "யார் யார் என்ன செஞ்சாங்கன்னு எழுதிப் போடு, ஆனா என்ட பேர மட்டும் போட்டிராத"ன்னு ஓர்டர். அதனால கொழும்பு கொட்டாஞ்சேனையில எல்லாரும் கூப்பிடுற மாதிரி பெட்டிசம் அன்ரின்னே எழுதுறேன். (பெட்டிசம்னா மொட்டைக் கடிதம்னு நெனைக்கிறவங்களுக்கு: இது கந்தோருக்கு எழுதுற முறைப்பாட்டு மனு. இவங்கட பெட்டிசத்துல பேர், விலாசம், ஐடி நம்பர் எல்லாம் இருக்கும், பதிவுத் தபால்லதான் போகும், தபால் கந்தோர்ல குடுக்கிற ரசீதுத் துண்டு பிஸ்கட் டின்ல பத்திரமா இருக்கும்.)

விழுந்தது எங்கன்னு கேட்டா சிரிப்பீங்க. மூடி இல்லாத கான்ல, அதான் தண்ணி ஓடுற வடிகால்ல. அதுக்கு மூடி போடச் சொல்லி அவங்களே மூணு பெட்டிசம் எழுதியிருக்காங்க.

அந்த ராத்திரி மழைக்குள்ள பிளாஸ்டிக் கதிரையோடயே தூக்கிட்டு மெயின் ரோட் வரைக்கும் ஓடின எங்கட தோட்டத்து (தோட்டம்னா செடி கொடி இல்ல, நாங்க இருக்கிற லைன் வீடுகள்) பொடியன்மாருக்கு மொதல் நன்றி. காசு வாங்கவே மாட்டேன்னு சொன்ன த்ரீவீல் நானாவுக்கும், வார்டுல ஃபோர்ம் எல்லாம் நிரப்பித் தந்த மிஸ்ஸுக்கும். ஃபோர்ம் விஷயம் சொல்லியே ஆகணும், 1987ல 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழின்னு ஆச்சு, ஆனா எங்கட லைனுக்கு வர்ற கடிதம் இப்பவும் அனேகமா சிங்களத்துலதான், அத வாசிச்சு பதில் எழுதி பொறப்பு சேர்ட்டிபிகேட், ஐடி எல்லாம் எடுத்துக் குடுத்தது 40 வருஷமா இவங்கதான், இப்ப இவங்கட ஃபோர்ம வேற ஒருத்தர் நிரப்புறதப் பாத்து அன்ரிக்கு ஒரே கோவம், எழுத்துப் பிழை வேற கண்டுபுடிச்சாங்க. மன்னிச்சுக்குங்க மிஸ்.

2016 மே மாசம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டிய, கொலன்னாவ எல்லாம் தண்ணிக்குள்ள போனப்போ அன்ரி சோத்துப் பார்சல் கட்டிக் கொண்டுபோனாங்க. அடுத்த வருஷம் ஏப்ரல் 14, புதுவருஷத்தன்னைக்கே மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிஞ்சப்போ தன்ட வீட்டுப் பலகாரத்த அப்படியே விட்டுட்டு உடுப்பு சேர்க்கக் கெளம்பினாங்க. 2022ல கேஸ் இல்லாத நேரம் வெறகடுப்புல பெரிய சட்டி வச்சதும் இவங்கதான். அந்த வெல்லம்பிட்டியில பார்சல் வாங்கின ஒரு சிங்கள அம்மா ரெண்டு பஸ் மாறி கஞ்சி கொண்டுவந்தாங்க. அன்ரிட பேர் தெரியாது, "பத் பெக்கட் அக்கா (சோத்துப் பார்சல் அக்கா) எங்க"ன்னு வார்டு வார்டா கேட்டுக் கண்டுபுடிச்சிருக்காங்க. அம்மே, உங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

டொரொன்டோ, லண்டன்ல இருந்து காசு அனுப்பின எங்கட பழைய தோட்டத்துப் புள்ளைங்களுக்கும் நன்றி. மருந்துச் செலவு போக மிச்சத்த திருப்பி அனுப்புன்னு அன்ரி சொன்னாங்க, நீங்க வேணாம்னுட்டீங்க, அதனால புள்ளைங்களுக்கு கொப்பி வாங்கியாச்சு, கணக்கு என்கிட்ட இருக்கு, யாரும் வந்து பாக்கலாம்.

ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு நடந்தே போவேன்னு பிடிவாதமா இருக்காங்க, டொக்டர் ஒண்டும் சொல்லல. நேத்து கானுக்கு நாலாவது பெட்டிசம், அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கையெழுத்து வைக்கிற ஆக்கள் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்கு வாங்க, ஐடி மறக்காம கொண்டுவாங்க.