பழைய ஹீட்டரும் புதிய ஹீட்டரும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ வாங்கியிருக்கும் வீட்டிலுள்ள பழைய டக்ட் ஹீட்டரை (எரிவாயுவை எரித்துச் சூடாக்கிய காற்றைக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்புவது) வைத்துக்கொள்ளலாமா, மாற்றிவிடலாமா என்று கேட்டு அனுப்பிய வீடியோவை நான்கு முறை பார்த்தேன். பர்னர் பற்றியதும் சுடர் நீலமாக, ஆடாமல் நிற்கிறது. ஒரு நிமிடம் கழித்துக் காற்றுத் தள்ளும் விசிறி சுழலத் தொடங்கியவுடன் வலப்பக்கச் சுடர் சாய்ந்து நடுங்கி, நுனி மஞ்சளாகிறது. மெக்கானிக் வந்து சோதிக்கும்வரை அதைப் போடாதே, அம்மா. காரணத்தைச் சொல்கிறேன்.

பழையதோ புதியதோ, எல்லா ஹீட்டரிலும் எரிந்த புகை, வெப்பப் பரிமாற்றி என்னும் உலோகக் கூட்டுக்குள்ளே செல்கிறது; வீட்டுக் காற்று அதே கூட்டின் வெளிப்புறத்தில் பட்டுச் சூடாகி டக்ட் வழியே அறைகளுக்குப் போகிறது. இரண்டும் எங்கும் கலக்கக் கூடாது. பல ஆண்டுகள் சூடாகியும் ஆறியும் வந்த உலோகத்தில் விரிசல் விழும். விழுந்தால் விசிறிக் காற்று அதன் வழியே உள்ளே புகுந்து சுடரை ஆட்டும். உன் வீடியோவில் எனக்கு வந்த சந்தேகம் அதுதான். அப்படி ஆடும் சுடர் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடரான பைலட் சுடர் எந்நேரமும் எரிவதைப் பார்த்து நீ பயந்திருந்தாய். அதைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். அதன் நுனியில் இருக்கும் தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரி சுடரின் சூட்டில் 25 முதல் 30 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்தச் சொற்ப மின்சாரம்தான் எரிவாயு வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. சுடர் அணைந்தால் தெர்மோகப்பிள் ஆறி, வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அதற்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ பிடிக்கும். புதிய ஹீட்டரில் பைலட் கிடையாது. மின்பொறியோ பழுக்கச் சிவக்கும் ஒரு பற்றவைப்பானோ தேவையானபோது மட்டும் பர்னரைப் பற்றவைக்கும். சுடர் இருக்கிறதா என்பதை அதற்குள் நீட்டியிருக்கும் உலோகத் தண்டு வழியே ஓடும் சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொண்டே ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான போர்டு அறிகிறது. அது நின்றால் சில விநாடிகளில் வால்வு மூடிவிடும். அந்தத் தண்டில் மெல்லிய படலம் படிந்தாலே ஹீட்டர் பற்றிப் பற்றி அணையும். தண்டைத் துடைத்தால் தீரும் கோளாறுக்குப் போர்டையே மாற்றிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய வித்தியாசம், சுடருக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. பழைய ஹீட்டர் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே எடுத்துக்கொள்ளும். சூடான புகை இலேசாக இருப்பதால் தானே மேலேறிப் புகைபோக்கி வழியே போகும், அதைத் தள்ளுவதற்கு எதுவும் கிடையாது. ஒரு வீட்டில் புகைபோக்கியின் அடிவாய்த் திறப்பருகே புகையும் தீக்குச்சியைப் பிடித்தேன். புகை ஒழுங்காக உள்ளே இழுபட்டது. சமையலறை, குளியலறை விசிறிகளைப் போட்டு, சன்னல்களைச் சாத்திவிட்டு மறுபடி பிடித்தபோது அதே புகை என் முகத்தை நோக்கித் திரும்பி வந்தது. அந்த வீட்டார் அதுவரை ஒவ்வோர் இரவும் அப்படித்தான் தூங்கியிருக்கிறார்கள் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவே இல்லை. புதிய ஹீட்டரில் புகையை இழுத்து வெளியேற்றத் தனி விசிறி உண்டு. அது உண்மையிலேயே இழுக்கிறது என்று அழுத்த சுவிட்ச் உறுதி செய்யாமல் வால்வு திறக்காது. மூடிய எரியறை கொண்ட வகையென்றால் காற்றையும் குழாய் வழியே வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நான் மாற்றச் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

சிக்கனம் அடுத்தது. எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த ஆவியிலேயே தங்கிவிடும். பழைய ஹீட்டர் அதைச் சூடு ஆறாமலே வெளியே விட்டுவிடுகிறது. அதன் செயல்திறன் 56 முதல் 70 விழுக்காடுதான். கண்டென்சிங் வகையில் இரண்டாவது பரிமாற்றி ஒன்று அந்த ஆவியைக் குளிரவைத்து நீராக்கி, அந்த வெப்பத்தையும் வீட்டுக்கே தருவதால் 90 விழுக்காட்டைத் தாண்டும். புகை அவ்வளவு ஆறிப்போவதால் பிளாஸ்டிக் குழாயே புகைபோக்கியாகப் போதும். ஆனால் அந்த நீர் அமிலத்தன்மை உள்ளது. அதன் வடிகால் அடைத்தாலோ குளிரில் உறைந்தாலோ ஹீட்டர் நின்றுவிடும்.

புதியவற்றில் சில வகைகள் தேவைக்கேற்பச் சுடரையும் விசிறியையும் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றில் ஓசையும் குறையும். பழுது பார்ப்பதில் மட்டும் பழையதே எளிது. உறுதியான இரும்பு, கைக்கு எட்டும் பாகங்கள்.

மாற்றும்போது டக்டுகளையும் சோதிக்கச் சொல். இணைப்புகள் கசிந்தால் சூடான காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வழியிலேயே போய்விடும்; அதைச் சரிசெய்யாமல் பெரிய ஹீட்டராகப் போட்டால் அது அடிக்கடி பற்றி அணைந்து சீக்கிரம் தேயும். படுக்கையறைகளுக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தை இன்றைக்கே மாட்டு. மெக்கானிக் பரிமாற்றியைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதை அன்றிரவே எனக்குச் சொல்; அதுவரை குழந்தைக்கு இன்னொரு போர்வை போர்த்து.

அன்புடன்,
அப்பா